மூலமும் உரையும்

வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 14

சென்ற அத்தியாயத்தை 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளோடு நிறுத்தியிருந்தோம். சுவிட்ஸர்லாந்தின் லொசான் நகரில் விஞ்ஞானியாக இருந்த கல்யாணசுந்தரமும் வேறு சில அன்பர்களும், ஆளுக்கொரு தேசத்தில் இருந்துகொண்டே, பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றும் கைங்கரியத்தை அன்றுதான் தொடங்கி, அதற்கு மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். வைகைக் கரையில் ஓர் அறையோ ஒரு நாற்காலியோ இல்லாத ஸ்தாபனத்துக்கு இந்த ஊரின் பெயர் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சங்கம் இருந்த ஊர் என்பதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தத் திட்டத்தார் கைக்கொண்ட வழக்கம் ஒன்றை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும், அதைத் தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்திருப்பார்கள். சிறிய விஷயம்தான், இந்த அத்தியாயம் முழுவதும் அந்தச் சிறிய விஷயத்தைப் பற்றியது.

நூலைக் கணிப்பொறியில் ஏற்றுவது ஒன்று. அந்தக் கணிப்பொறியையே நடத்தும் இயங்குதளத்தை எழுதுவதும், எழுதியதைப் பேணுவதும், பேணுகிற முறையைப் பின்னால் வருகிறவனுக்கு விளங்கும்படி குறித்து வைப்பதும் வேறொன்று. விசைப்பலகையில் விரல் பட்டால் திரையில் எழுத்து எழுவதற்கு நடுவில் எத்தனையோ காரியங்கள் நடக்கின்றன. அவற்றையெல்லாம் கிரமப்படுத்தும் கட்டளைகளை மனிதர்கள் மனிதர்க்குப் புரியும் வரிகளாகவே முதலில் எழுதுகிறார்கள். அதுதான் மூலநிரல். கம்பெனிகள் விற்பது அதை இயந்திரத்துக்கு மட்டும் புரியுமாறு அரைத்த மாவை. நெல்லைக் கண்ணில் காட்டுவதில்லை. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு இயக்கமும், 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கர்னலும் (கர்னல் என்பது இயங்குதளத்தின் கரு) நெல்லையே ஊர்ப்பொதுவில் கொட்டி வைத்தன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் கொடுக்கலாம். இவ்வளவும் முன்னரே சொன்னதுதான்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால் போதுமா? பார்த்தால் புரிய வேண்டுமே!

இதற்கு மதுரையிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வந்து, புலவர்களெல்லாம் திசைக்கொருவராகச் சிதறி, மழை பெய்த பிறகு அரசன் ஆள் விட்டுத் தேடியபோது, எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைத்தார்களாம். பொருளிலக்கணம் வல்லவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையாம். அரசன் வருந்துவதைக் கண்ட ஆலவாய்ப் பெருமான் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழே இட்டார் என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது. அதை 1883-இல் அச்சேற்றித் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. இந்த ஐதிகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏடு வெளிப்பட்ட விதம். கோயிலைத் துப்புரவு செய்கிறவன் எந்நாளும் பீடத்தின் அடியில் பெருக்கியதில்லை. அன்று என்னவோ தோன்றி அங்கும் விளக்குமாற்றை நீட்ட, குப்பையோடு செப்பேடும் வெளியே வந்தது. தெய்வம் எழுதியதே ஆனாலும் ஒருவன் குனிந்து பெருக்கினால்தான் கிடைக்கும் என்று அந்த உரைகாரருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏடு கிடைத்தது, அரசன் சங்கத்தார் கையில் கொடுத்தான். மூலம் எல்லோர் கையிலும் இருக்கிறது, மறைவில்லை, பூட்டில்லை. ஆனாலும் நாற்பத்தொன்பது பேரும் நாற்பத்தொன்பது உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று வழக்கு வந்தது. தீர்ப்புச் சொல்ல வந்தவன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளை. அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தி ஒவ்வொருவராக உரை வாசிக்க, மருதன் இளநாகனார் வாசிக்கையில் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்த்தான். நக்கீரர் வாசிக்கையில் சொல்தோறும் மெய்சிலிர்த்தான். குற்றம் சொல்லத் தெரியாமல், நல்லதற்கு மட்டும் கண்ணீர் விடும் பரிசோதகர் கிடைப்பது எக்காலத்திலும் அரிது; கணிப்பொறி உலகில் அறவே இல்லை என்று அந்தத் தொழிலில் உள்ள என் நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

தெய்வம் எழுதிய மூலத்துக்கே உரை வேண்டியிருந்தது என்றால், கென் தாம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு வேண்டாமா? வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையின் ஆசிரியர் ஜான் லயன்ஸ். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975-இல் வந்தது. அதன் கர்னலில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரி. லயன்ஸ் அந்த வரிகளையெல்லாம் வரிசை எண்ணிட்டு ஒரு புத்தகமாக்கினார். அந்த எண்களைக் காட்டிக் காட்டி விளக்கம் எழுதி இன்னொரு புத்தகமாக்கினார். ஒன்று மூலம், மற்றது உரை. தம் வகுப்பு மாணவர்களுக்காக 1976, 77-இல் அவர் செய்த வேலை இது. நம்மூர் உரையாசிரியர்கள் சூத்திரத்துக்கு எண் கொடுத்து, பதவுரையும் கருத்துரையும் எழுதிப் பின்னர் எதிர்க்கட்சியின் ஐயத்தைத் தாமே எழுப்பித் தாமே அறுக்கும் அதே சம்பிரதாயத்தை, தமிழின் வாசனையே அறியாத ஒருவர் சிட்னி நகரில் அப்படியே கைக்கொண்டிருக்கிறார். அந்த மூலத்தில் ஓரிடத்தில், ஒரு வேலையை நிறுத்தி இன்னொரு வேலைக்குக் கணிப்பொறி தாவுகிற நுட்பமான கட்டத்தில், எழுதியவர்களே இது படிப்பவர்க்கு விளங்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற கருத்தில் ஒரு குறிப்பை விட்டிருந்தார்கள். அது பின்னால் பிரசித்தமாகிப் பரிகாசத்துக்கும் ஆளாயிற்று.

1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, சொந்தக்காரராகிய அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி, மூலத்தை வகுப்பில் வைத்துப் பாடம் சொல்லக் கூடாதென்று நிபந்தனை போட்டது. லயன்ஸின் உரை அச்சுக்குப் போகாமல் நின்றது. நின்றதே தவிர மறையவில்லை. ஒருவர் வைத்திருந்ததை இன்னொருவர் நகலெடுக்க, நகலின் நகலை வேறொருவர் நகலெடுக்க, எழுத்து மங்கி வரி சாய்ந்த பிரதிகள் கண்டம் கண்டமாகச் சுற்றின. ஏட்டுச்சுவடிகளை நாம் காப்பாற்றியதும் இதே முறையில்தான். எழுதி இருபது வருஷம் கழித்து, 1996-இல், சட்டச் சிக்கல் தீர்ந்து அது முறையான புத்தகமாக வெளிவந்தது. லயன்ஸ் அதைக் கண்ணால் கண்டு 1998 டிசம்பரில் காலமானார். பாடம் சொல்ல மூலம் இல்லையே என்ற மனக்குறையினால் நெதர்லாந்தில் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் எழுதியதும், அந்த மினிக்ஸை வாங்கிப் படித்த மாணவர் லினக்ஸ் எழுதியதும் நாம் முன்பே பார்த்த கதை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை கொடுத்த பொருளுதவியோடு, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் ஒன்று 2005-இல் சென்னையில் ஏற்பட்டது. சி-டாக் என்ற மத்திய அரசு ஸ்தாபனத்தின் சென்னைக் கிளையும், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தியது அது. அங்கே உருவாகி 2007 ஜனவரியில் வெளிவந்ததுதான் பாஸ் என்று சுருக்கமாக வழங்கும் பாரத இயங்குதளம். இந்திய மொழிகள் பலவற்றைத் திரையில் காட்டி, அம்மொழிகளில் எழுதவும் வசதி செய்து தந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த நாட்களில், தன் மேஜைக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் குடியேறிற்று. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும், அதற்கு முன் கணிப்பொறியைக் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே பார்த்திருந்த வீடுகளுக்குள் ஓர் இயங்குதளத்தின் மூலநிரலைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதோடு வந்து சேர்ந்தது. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று எத்தனை பேருக்குச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

பாஸ் முழுக்க முழுக்கப் புதிதாக எழுதியதன்று. 1993-இல் ஐயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. இதைக் குறையாகச் சொல்லிக் காப்பியடித்தது என்று ஏளனம் செய்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் நன்னூல் படித்ததில்லை. பவணந்தியார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்து, முதல்நூலின் முடிபை ஒத்து, பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்வதே வழிநூல் என்று அதற்கொரு மரியாதையான இடம் கொடுத்திருக்கிறார். தொல்காப்பியத்தை ஒட்டி வந்ததற்காக நன்னூலை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. என் அபிப்பிராயத்தில் வழிநூல்காரனின் கஷ்டம் வேறு. முதல்நூல் வளர்ந்துகொண்டே இருக்கும். அது ஓரடி வைத்தால் இவனும் ஓரடி வைக்க வேண்டும். தான் செய்த மாறுதல் எது, ஏன் செய்தோம் என்று குறித்து வைக்காதவன், இரண்டு வருஷம் கழித்து முதல்நூலின் புதுப்பதிப்பு வந்து நிற்கையில், எதைக் கழிப்பது எதைச் சேர்ப்பது என்று தெரியாமல் தன் கையெழுத்தையே தான் அடையாளம் காணாமல் விழிப்பான்.

டெபியன்காரர்கள் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பானவர்கள். ஒவ்வொரு மென்பொருட் பொதியிலும், உரிமை யாருடையது என்ற பத்திரம் ஒன்றும், என்று எவர் எதை மாற்றினார் என்ற மாறுதற் பதிவு ஒன்றும் இருந்தே தீர வேண்டும். கட்டளை ஒவ்வொன்றுக்கும் கையேட்டுப் பக்கம் வேண்டும், இல்லாவிட்டால் அதையும் ஒரு பழுதாகவே கணக்கில் வைப்பார்கள். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் சொல்லாமல் நூலைத் தொடங்கக் கூடாதென்று நம்மவர் சிறப்புப் பாயிரத்துக்கு விதித்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

லினக்ஸ் கர்னலிலும் இப்படி ஓர் ஏடு உண்டு. அதற்கு மெயின்டெய்னர்ஸ் என்றே பெயர். கர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் காவல் யார் என்று அதில் எழுதியிருக்கும். பகுதியின் பெயருக்குக் கீழே ஓரெழுத்துத் தலைப்புகள்: எம் என்ற எழுத்துக்கு எதிரே பேணுகிறவர் பெயர், எஃப் என்ற எழுத்துக்கு எதிரே அவர் பொறுப்பிலுள்ள கோப்புகள், எஸ் என்ற எழுத்துக்கு எதிரே அந்தப் பகுதியின் நிலைமை. இந்த நிலைமையைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டே ஒருவர் பேணுகிறார் என்பது ஒன்று. சம்பளம் இருக்கிறதோ இல்லையோ ஒருவர் பேணுகிறார் என்பது ஒன்று. ஆள் இருக்கிறார், ஆனால் ஒழிந்த நேரத்தில் அவ்வப்போது ஒட்டுப் போடுவார், அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதே என்பது ஒன்று. காலம் கடந்துபோனது என்பது ஒன்று. இவற்றுக்கு நடுவே இன்னொரு சொல் இருக்கிறது: அநாதை. டெபியனிலும் இதே சொல்தான். அங்கே ஒரு பொதியைப் பேணியவர் விலகினால் அதை அநாதை என்று அறிவித்து, தத்தெடுக்க முன்வருவோர்க்காகப் பட்டியலில் போடுவார்கள். இயந்திரத்தோடு பழகுகிறவர்கள் ஈரமற்றவர்கள் என்பது பொதுவான எண்ணம்; குழந்தைகளைப் பற்றிப் பேசும் சொற்களை அவர்கள் எங்கே கொண்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

2003-இல் எஸ்சிஓ என்ற கம்பெனி, லினக்ஸில் யூனிக்ஸின் வரிகள் திருட்டுத்தனமாகப் புகுந்திருக்கின்றன என்று ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. வழக்கு நெடுங்காலம் இழுத்தது. அந்த வரலாறு நமக்கு வேண்டாம். அதன் விளைவாக 2004-இல் கர்னல்காரர்கள் ஒரு புது வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். திருத்தம் எழுதியவர் அதன் அடியில், இது என்னுடையது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற பொருளில், தம் பெயரை ஒரு வரியாக இட வேண்டும். அதை வாங்கி மேலே அனுப்புகிறவர் தம் பெயரை அதன் கீழே இட வேண்டும். அவரிடமிருந்து வாங்குகிறவரும் அப்படியே. ஒரு திருத்தம் மூலத்தில் போய்ச் சேரும்போது அதன் அடியில் அது எந்தெந்தக் கை மாறி வந்தது என்ற பரம்பரை வரிசையாக நிற்கும். அடுத்த ஆண்டு டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற கருவி இவ்வளவையும் அழியாமல் காத்து வைக்கிறது. இன்று நாலு கோடி வரியை எட்டிவிட்ட கர்னலில், கிட் வந்த பிறகு சேர்ந்த எந்த வரியைத் தொட்டாலும், இதை எழுதியவர் யார், என்று, எதற்காக என்று கேட்கலாம்.

கேட்க முடியாத இடத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதன் அருமை எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன், மதுரையில் நான் கணக்கெழுதிய ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) சம்பளப் பட்டியல் போட ஒரு நிரல் இருந்தது. அதை எழுதியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பதினேழாம் எண்ணுள்ள ஊழியர் வந்தால் ஒரு கணக்கைத் தாண்டிப் போ என்று அதில் ஒரு வரி. அதற்கு மேலே "எடுக்காதே" என்று மட்டும் ஒரு குறிப்பு. பதினேழாம் எண்காரர் ஓய்வு பெற்றே ஆறு வருஷம் ஆயிற்று. "இந்த வரியை எடுத்துட்டா என்னப்பா ஆகும்?" என்று கணிப்பொறி பார்த்த பையனைக் கேட்டேன். "தெரியலண்ணே. எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் ஒருதடவை எடுத்துப் பாத்தாராம். அந்த மாசம் யாருக்கும் சம்பளம் வரல. திரும்ப வச்சதும் வந்துருச்சு. அதனால தொடுறதில்ல" என்றான். அந்த வரிக்கு வெள்ளிக்கிழமை தோறும் சூடம் காட்டாததுதான் பாக்கி.

இந்த மாதிரி ஒன்றை இழுத்தால் எங்கோ வேறொன்று கழன்று விழும் பிணைப்பு பெரிய கர்னலிலும் உண்டு. எல்லாப் பகுதிகளும் பொதுவில் கைவைக்கிற மாறிகள் பெருகப் பெருக, பராமரிப்புக் கஷ்டமும் பெருகும் என்று லினக்ஸை ஆராய்ந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். அதைத் தளர்த்துவதற்குச் சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஜானகிராம் குழுவினர், சி-டாக்கோடு சேர்ந்து, பாஸ்-மூல் என்ற முயற்சியைச் செய்தார்கள். கர்னலின் பகுதிகளைப் பொருள்நோக்கு முறையில் உறையிட்டு, ஒன்றின் உள்விவகாரம் மற்றொன்றுக்குத் தெரியாதபடி பிரித்து, சாதன இயக்கிகளை சி++ மொழியில் எழுத இடம் செய்து கொடுத்தார்கள். மூல் என்பது ஆங்கிலப் பெயர் ஒன்றின் சுருக்கம். ஆயினும் மூலம் என்ற சொல்லின் நிழல் அதில் விழுந்திருப்பது எனக்கு ஒரு சந்தோஷம். புதிதாக ஒன்றைச் செய்து பாராட்டு வாங்குவதை விட்டு, இருப்பதைப் பேணுவது எப்படி என்றே ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது நம் தேசத்தில் அடிக்கடி நிகழ்வதன்று.

உரை விஷயத்தில் அவ்வளவு சந்தோஷப்பட முடியவில்லை. கர்னலின் ஆவணங்கள் 2016-லிருந்து ஜொனாதன் கார்பெட்டின் மேற்பார்வையில் புதுமுறையில் ஒழுங்குபட்டு வந்திருக்கின்றன. மூலநிரலுக்கு உள்ளேயே, சாய்கோட்டையும் இரண்டு நட்சத்திரக் குறிகளையும் இட்டுத் தொடங்கி எழுதும் விளக்கங்களைக் கருவி ஒன்று பொறுக்கியெடுத்துப் புத்தகமாகக் கோக்கிறது. மூலமும் உரையும் ஒரே ஏட்டில் என்ற பழைய முறைதான். அந்த ஆவணங்களில் மொழிபெயர்ப்புக்கென்று ஓர் அடைவு உண்டு. சீனம் இருக்கிறது, ஜப்பானியம் இருக்கிறது, கொரிய மொழி, இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. 2012-இல் சீனிவாசன் முதலிய நண்பர்கள் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் தமிழில் விளக்கி, அந்த விளக்கத்தையும் எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறது. வெளியில் நின்று உள்ளே கூட்டிப் போகும் வேலை அது, நல்ல வேலை. நக்கீரர் வேலைக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை.

நக்கீரர் பெயரை எடுத்ததால் அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கண்ட உரை உடனே ஏடேறியதாகக் களவியல் உரை சொல்லவில்லை. நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனாருக்குச் சொன்னார். அவர் தேனூர் கிழாருக்குச் சொன்னார். அவர் படியங் கொற்றனாருக்கு. இப்படியே மணலூர் ஆசிரியர், செல்லூர் ஆசிரியர், திருக்குன்றத்து ஆசிரியர் என்று கைமாறிப் பத்தாவதாக முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்தது என்று, உரையின் தொடக்கத்திலேயே ஒருவர் விடாமல் பெயர் சொல்லியிருக்கிறது. தேனூர் இன்றும் சமயநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணலூர் கீழடிக்கு அருகில். செல்லூர் வைகையின் வடகரையில், மதுரை மாநகராட்சிக்குள்.

அந்தச் செல்லூரில்தான் என் நண்பர் வீடு. சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, அவர் பேத்தி, பிளஸ் டூ படிக்கையில் அவள் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசைகளில் இரண்டு எழுத்துத் தேய்ந்திருந்தது. மூடியின் மேலிருந்த படம் பாதி உரிந்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. இந்த எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் தேர்ந்தெடுக்காத வரியை, நான் கேட்டதற்காக அவள் தேர்ந்தெடுத்தாள். பாஸ் எழுந்து வந்தது. ஆவணங்கள் இருக்கும் அடைவைத் திறக்கச் சொன்னேன். நூற்றுக்கணக்கான பொதிகளுக்குத் தனித்தனி மடிப்பு. ஒன்றில் நுழைந்து, சுருக்கி வைத்திருந்த மாறுதற் பதிவை விரித்தோம். மேலே மிக அண்மைப் பதிவு. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இரண்டு சிறு கோடுகள், ஒரு பெயர், ஒரு தேதி.

"இவங்கெல்லாம் யாரு தாத்தா?"

"இதைப் பாத்துக்கிட்டவங்க."

அவள் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். பெயர்கள் மாறின, சில பெயர்கள் பல வருஷம் தொடர்ந்து வந்து, திடீரென்று நின்று, அதற்குக் கீழே வேறொரு தேசத்துப் பெயர் தொடங்கியது. தேதி பின்னோக்கி ஓடிச் சென்ற நூற்றாண்டுக்குள் நுழைந்தது. ஓரிடத்தில் விரலை நிறுத்தி, அதற்கு மேல் தள்ள இடமில்லை என்றாள். அந்தப் பதிவில் முதல் வெளியீடு என்று மட்டும் இருந்தது. அதன் கீழே இரண்டு சிறு கோடுகள், ஒரு பெயர்.

அவள் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டி காப்பி கொண்டுவந்து வைத்து, மின்சாரம் போகப் போகிறது, மூடி வை என்றாள்.